பழைய கேம்பர் வேனில் ஏசி நீர் ஒழுகினால்: சீலன்ட் பூசுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுப் பதிலுக்குப் போகிறேன். 1990களின் நடுப்பகுதியில் டாட்ஜ் ராம் வேன் சட்டத்தின் மீது கட்டப்பட்டு, ஃபைபர்கிளாஸ் உயர்கூரை பொருத்தப்பட்ட கேம்பர் வேன் ஒன்றை டெக்சஸ் மாநிலத்தின் வளைகுடாக் கரைப்பகுதியில் வைத்திருக்கிறீர்கள். கூரை மீதுள்ள 13,500 பிடியு (மணிக்கு அகற்றும் வெப்பத்தின் அளவு) ஏசி இரவு முழுவதும் ஓடும்போது பெரும்பாலும் ஒழுகுவதில்லை. ஆனால் காலையில் வண்டியை எடுத்து முதல் சிக்னலில் பிரேக் அழுத்தியதும் உட்கூரையின் காற்றுத் திறப்பு வழியாக நீர் கொட்டி முன் இருக்கைகளை நனைக்கிறது. இதற்கு முன் வைத்திருந்தவர் ஏசியின் அடிப்பகுதியைச் சுற்றிலும் சிலிக்கான் சீலன்ட் (இடைவெளிகளை அடைக்கும் பசை) பூசியிருக்கிறார். மழைநாளில் பின் மூலையில் தனியாக ஒரு கறையும் தெரிகிறது. இன்னும் கொஞ்சம் சீலன்ட் பூசினால் போதுமா, இல்லை ஏசியையே மாற்ற வேண்டுமா என்பதுதான் நீங்கள் கேட்டது.

இரண்டுமே இப்போதைக்கு வேண்டாம். நீங்கள் விவரித்த அறிகுறிகளை வைத்துப் பார்த்தால் அந்தச் சிலிக்கான் பூச்சே முதல் சந்தேகத்துக்குரியது. அதற்கான காரணத்தைப் புரிந்துகொள்ள, கூரை ஏசியில் உருவாகும் நீர் எந்த வழியாக வெளியேற வேண்டும் என்று அமைக்கப்பட்டிருக்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

குளிர்ந்த நீர் ஊற்றிய செம்பின் வெளிப்புறம் வியர்ப்பது போலவே, வேனுக்குள் இருக்கும் ஈரக்காற்று கூலிங் காயிலின் அலுமினியத் தகடுகளில் படும்போது அதிலுள்ள நீராவி நீராகப் படிகிறது. அறைக்காற்று 27 பாகை செல்சியஸும் 60 சதவீத ஈரப்பதமும் கொண்டதாக இருந்தால், சுமார் 19 பாகைக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பிலும் நீர் படியத் தொடங்கும். காயிலின் பரப்பு அதைவிட மிகவும் குளிர்ந்தது. அளவையும் ஒரு கணக்காகப் பார்த்துவிடலாம். 13,500 பிடியு என்பது ஏறத்தாழ 4 கிலோவாட். ஈரமான கடற்கரைக் காற்றில் அதில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை நீராவியை நீராக்குவதிலேயே செலவாகிறது. ஒரு லிட்டர் நீர் படிவதற்கு சுமார் 0.68 கிலோவாட்-மணி வெப்பத்தை அகற்ற வேண்டும் என்பதால், கம்ப்ரசர் இடைவிடாமல் ஓடினால் மணிக்கு ஒன்றரை லிட்டர் முதல் ஏறத்தாழ இரண்டு லிட்டர் வரை நீர் சேரும். இரவில் கம்ப்ரசர் விட்டுவிட்டு ஓடினாலும் விடிவதற்குள் ஒரு சிறிய வாளி நிறையும் அளவு நீர் உங்கள் தலைக்கு மேல் உண்டாகிவிடுகிறது. இந்த நீரை யாராலும் தடுத்து நிறுத்த முடியாது. அதற்கு வெளியேறும் வழியைத்தான் சீராக வைத்திருக்க முடியும்.

அமெரிக்காவில் அந்தக் காலத்தில் பொருத்தப்பட்ட கூரை ஏசிகளில் பெரும்பாலானவற்றில் இந்த நீருக்கெனத் தனிக் குழாய் கிடையாது. காயிலுக்கு அடியிலுள்ள தட்டில் விழும் நீர், அங்கிருந்து ஏசியின் அடித்தட்டுக்கு வந்து, அதிலுள்ள துளைகள் வழியாகக் கூரையின் மேற்பரப்பிலேயே விழுந்து, ஓரமாக வழிந்து தரைக்குப் போகும். கூரையில் 14¼ அங்குலச் சதுரமாக வெட்டப்பட்ட திறப்பைச் சுற்றி ஒரு தடித்த ஃபோம் கேஸ்கெட் இருக்கிறது; ஏசியின் அடித்தட்டுக்கும் கூரைக்கும் நடுவே அது ஒரு சிறு அணையாக நின்று, வெளியே விழுந்த நீர் திறப்புக்குள் வராமல் காக்கிறது. அந்த அணைக்கு வெளியே விழுந்த நீர் தடையில்லாமல் ஓடிவிட வேண்டும் என்பதுதான் முழு ஏற்பாட்டின் அடிப்படை.

இப்போது ஒருவர் ஏசியின் வெளிவிளிம்பைச் சுற்றிச் சிலிக்கான் பூசி மூடினால் என்ன ஆகும்? மழைநீர் உள்ளே வராது என்று அவர் நினைத்திருப்பார். ஆனால் துளைகள் வழியாக விழும் நீர் அந்தப் பூச்சுக்கும் கேஸ்கெட்டுக்கும் இடையில் சிறைப்பட்டு, மட்டம் உயர்ந்து, கேஸ்கெட்டின் பலவீனமான இடத்தைத் தேடி உள்ளே வரும். அல்லது துளைகளே நீருக்குள் மூழ்கி, அடித்தட்டில் நீர் தேங்கும். நின்றிருக்கும் வண்டியில் அது அசையாமல் கிடக்கும். பிரேக் அழுத்தும்போது முன்னோக்கி அலையடித்து, காற்று போகும் திறப்பின் தாழ்ந்த விளிம்பைத் தாண்டிக் கொட்டும். நீங்கள் சொன்ன அறிகுறிக்கு இது அப்படியே பொருந்துகிறது. துளைகள் சரியாக வேலை செய்யும் ஏசியில், ஓடி நின்ற சிறிது நேரத்துக்குள் தட்டில் கொட்டும் அளவுக்கு நீர் மிஞ்சியிருக்காது.

ஆயினும் ஒரே காரணத்தைப் பிடித்துக்கொண்டு கூரை மீது ஏறிவிடக் கூடாது. வேனின் உட்கூரையில் தெரியும் நீர் நான்கு வெவ்வேறு இடங்களிலிருந்து வரலாம்: மழைநீர், வெளியேறாமல் தேங்கிய காயில் நீர், காயிலில் உறைந்து பிறகு உருகிய பனி, உட்கூரைக்கு மேலே குளிர்ந்த தகட்டில் நேரடியாகப் படிந்த வியர்வை. நான்கும் ஒரே மாதிரிக் கறையைத்தான் உண்டாக்கும். பரிகாரம் மட்டும் முற்றிலும் வேறு. எனவே சோதனைக்கு ஒரு நாளை ஒதுக்குங்கள். சோதனைக்கு முன் வெளி மின்னிணைப்பைப் பிடுங்கி, ஜெனரேட்டரையும் நிறுத்திவிடுங்கள். இது 120 வோல்ட் கருவி. இணைப்பை எடுத்த பிறகும் அதன் கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும் என்பதால், மின்பெட்டியின் மூடியைத் தெரியாதவர்கள் திறக்க வேண்டாம்.

உட்கூரையிலுள்ள பிளாஸ்டிக் மூடியைக் கழற்றிவிட்டு, திறப்பின் நான்கு ஓரங்களிலும் டிஷ்யூ காகிதத்தைக் கீற்றுகளாக ஒட்டுங்கள். முதலில் ஏசியை ஓட விடாமல் தோட்டக் குழாயால் கூரை மீது நீர் விடுங்கள். கூரையின் தாழ்ந்த பகுதியில் தொடங்கி, ஒவ்வொரு பகுதியிலும் பத்து நிமிடம் நின்று, மெல்ல மேலே வாருங்கள். ஏசியின் மூடியை நோக்கி நேரடியாகப் பீய்ச்சினால் நீர் வராத வழியிலும் வந்து உங்களை ஏமாற்றிவிடும். காகிதம் இந்தக் கட்டத்திலேயே நனைந்தால் அது கேஸ்கெட் குறைபாடு. நனையாவிட்டால் அடுத்து ஏசியின் வெளிமூடியைக் கழற்றி, உணவுக்குப் பயன்படுத்தும் நிறமி கலந்த ஒரு லிட்டர் நீரைக் காயிலுக்கு அடியிலுள்ள தட்டில் மெதுவாக ஊற்றுங்கள். அந்த நிறம் கூரையின் எந்தப் பக்கத்தில், எவ்வளவு நேரத்தில் வெளிப்படுகிறது என்று ஒருவர் கீழே நின்று பார்க்க வேண்டும். வெளியே வராமல் உள்ளே காகிதத்தில் நிறம் தெரிந்தால், தேங்கிய நீர்தான் குற்றவாளி. இந்தச் சோதனையை உங்கள் வண்டியில் சிலிக்கானை அகற்றுவதற்கு முன் ஒரு முறையும் அகற்றிய பின் ஒரு முறையும் செய்தால் விடை ஐயமின்றித் தெரிந்துவிடும்.

சிலிக்கானை பிளாஸ்டிக் சுரண்டியால் மட்டுமே எடுங்கள். உலோகக் கத்தி ஃபைபர்கிளாஸின் மேற்பூச்சைக் கீறிவிடும். பொறுமை தேவைப்படும் வேலை இது. சிலிக்கான் படிந்த இடத்தில் பிறகு எந்தச் சீலன்டும் சரியாக ஒட்டாது என்பதால்தான் கேம்பர் கூரையில் அதைப் பயன்படுத்தவே கூடாது என்று நான் சொல்லி வருகிறேன். மூடி கழற்றப்பட்டிருக்கும்போதே தட்டையும் துளைகளையும் சுத்தம் செய்துவிடுங்கள். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் மண்கூடு கட்டும் குளவிகளுக்கு இந்தத் துளைகள் மிகவும் பிடித்த இடம். அத்துடன் தூசி, இலைத்தூள், காயிலில் வளரும் வழவழப்பான பாசி எல்லாம் சேர்ந்து துளையை அடைத்துவிடும். மெல்லிய பிளாஸ்டிக் கம்பியால் குத்தி, வெந்நீர் ஊற்றிக் கழுவினால் போதும். உயரழுத்த நீர்ப்பீய்ச்சி வேண்டாம், அலுமினியத் தகடுகள் மடங்கிவிடும். முப்பது ஆண்டு பழைய ஏசியில் காயிலுக்கு அடியிலுள்ள ஃபோம் தட்டில் விரிசல் இருப்பதும் வழக்கம். விரிசல் இருந்தால் நன்றாக உலர்த்திவிட்டு எப்பாக்சி கொண்டு அடைக்கலாம்.

இங்கே பலரும் கவனிக்காத ஒரு நுட்பம் உண்டு. ஏசியின் விசிறி காயில் வழியாகக் காற்றை இழுக்கிறது; அதனால் காயில் இருக்கும் அறையில் காற்றழுத்தம் வெளியைவிடச் சற்றுக் குறைவாக இருக்கும். அந்த இழுப்பு சில மில்லிமீட்டர் உயர நீரைத் தட்டிலேயே பிடித்து வைக்கப் போதுமானது. துளை பாதி அடைபட்டிருந்தால், வெளிக்காற்று அதே துளை வழியாக உள்ளே ஏறி, இறங்க வேண்டிய நீரைத் தடுக்கும். விசிறி நின்றதும் தேங்கியதெல்லாம் ஒரேயடியாக இறங்கும். ஏசியை நிறுத்திய சில நிமிடங்களில் மட்டும் ஒழுகுகிறது என்று யாராவது சொன்னால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். காற்று வடிகட்டி அழுக்கேறியிருந்தால் அந்த இழுப்பு இன்னும் கூடும்.

அடுத்தது கேஸ்கெட். இதை வண்டிக்குள் இருந்தே பார்க்கலாம்: திறப்பின் ஓரத்தில் டார்ச் அடித்து, ஃபோம் எவ்வளவு தடிப்பாக இருக்கிறது என்று அளந்து பாருங்கள். புதிதாக இருக்கும்போது சுமார் ஓர் அங்குலத் தடிப்புள்ள கேஸ்கெட், சரியாக இறுக்கினால் அரை அங்குலமாகச் சுருங்க வேண்டும். உட்கூரையின் பக்கமிருந்து மேலே போகும் நீண்ட போல்ட்டுகளை 40 முதல் 50 அங்குல-பவுண்டு வரை இறுக்கினால் அந்த அளவு கிடைக்கும். இது கையால் இறுக்கினாலே ஏறக்குறைய வந்துவிடும் சிறிய விசை. ஒழுகுகிறதே என்று பலமாக முறுக்குபவர்கள் ஃபோமை முழுவதும் நசுக்கிவிடுகிறார்கள். பிறகு அதற்கு மீளும் தன்மையே இருக்காது. அதைவிட மோசம், அடித்தட்டு கூரையோடு ஒட்டிக்கொள்வதால் துளைகளிலிருந்து நீர் இறங்க இடமில்லாமல் போகும். கேஸ்கெட் ஏற்கெனவே கால் அங்குலத்துக்குச் சுருங்கிக் கடினமாகிவிட்டால் மாற்றுவதைத் தவிர வழியில்லை. ஏசியின் எடை 35 முதல் 45 கிலோ வரை இருக்கும் என்பதால், அதைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். கூரையைச் சுத்தம் செய்து, புதிய கேஸ்கெட்டை உலர்ந்த பரப்பில் அப்படியே வைத்து ஏசியை நேராக இறக்குங்கள். இழுத்து நகர்த்தினால் ஃபோம் மடங்கும். கேஸ்கெட்டுக்கு மேலேயோ கீழேயோ எந்தச் சீலன்டும் பூசக் கூடாது. புதிய ஃபோம் சில வாரங்களில் படிந்து தளர்வதால் போல்ட்டுகளை ஒருமுறை மீண்டும் சரிபார்க்க வேண்டும்.

ஏசியைத் தூக்கியிருக்கும்போது கூரையின் மட்டத்தையும் பார்த்துவிடுங்கள். இத்தனை ஆண்டுகள் 40 கிலோ எடையையும் நெடுஞ்சாலையின் குலுக்கலையும் தாங்கிய ஃபைபர்கிளாஸ் நடுவில் குழிந்திருப்பது மிகவும் இயல்பானது. திறப்பின் குறுக்கே நீண்ட ரசமட்டத்தை வைத்தால் குழிவு தெரிந்துவிடும். ஏசியின் அடியில் குளம் போல நீர் நிற்கும் கூரையில் எந்தக் கேஸ்கெட்டும் நீண்ட நாள் தாக்குப்பிடிக்காது; அது தூறலையும் வழிந்தோடும் நீரையும் தடுப்பதற்குத்தான், தேங்கிய நீரில் ஊறிக் கிடப்பதற்கு அல்ல. வெளிக்கூரைக்கும் உட்கூரைக்கும் இடையில், திறப்பைச் சுற்றி, சரியான உயரத்தில் மரச்சட்டமோ அலுமினியச் சட்டமோ வைத்து எடையை அதன் மீது இறக்கினால் குழிவு பெருமளவு நிமிரும்; போல்ட்டை இறுக்கும்போது உட்கூரை மேலே இழுபடுவதையும் அது தடுக்கும். பழைய வேன்களில் இந்தச் சட்டம் சிறியதாகவோ, ஊறி உளுத்துப் போனதாகவோ இருப்பதைப் பார்க்கலாம். ஒரு குத்தூசியால் மரத்தைக் குத்திப் பார்த்து, எளிதாக இறங்கும் பகுதியை வெட்டி எடுத்துவிடுங்கள். என் கணிப்பில் உங்கள் வண்டியில் மிகுந்த உழைப்பைக் கேட்கப்போவது இந்த ஒரு வேலைதான், பலனும் இதில்தான் அதிகம்.

பனி உறைவது தனிக் கதை. இரவில் வெளி வெப்பம் 24 பாகைக்குக் கீழே இறங்கிய பிறகும் விசிறியைக் குறைந்த வேகத்தில் வைத்து ஏசியை ஓட்டினால் காயிலின் மீது பனி படரும். காற்றோட்டம் தடைபட்டு மேலும் உறையும். காலையில் நிறுத்தியதும் அந்தப் பனிக்கட்டி உருகி, தட்டின் எல்லைக்கு வெளியேயும் சொட்டும். இதைச் சோதிப்பது எளிது: காலையில் நிறுத்துவதற்கு முன் வடிகட்டியைக் கழற்றி டார்ச் அடித்தால் வெண்மையாகத் தெரியும். வடிகட்டியை இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை கழுவுவதும், விசிறியை உயர் வேகத்தில் வைப்பதும் பெரும்பாலும் போதும். அவை போதாவிட்டால், உட்கூரைப் பெட்டியில் குளிர்காற்று வெளியேறும் பகுதியையும் அறைக்காற்று உள்ளே போகும் பகுதியையும் பிரிக்கும் தடுப்பைப் பாருங்கள். அதில் இடைவெளி இருந்தால் குளிர்ந்த காற்றே மீண்டும் காயிலுக்குப் போய் அதை மேலும் குளிர்விக்கும். வடிகட்டியின் அருகில் ஒரு வெப்பமானியும் வண்டியின் நடுவில் ஒன்றும் வைத்து, முதலாவது மூன்று நான்கு பாகை குறைவாகக் காட்டினால் அந்தத் தடுப்பு ஒழுகுகிறது என்று பொருள். அலுமினிய ஃபாயில் டேப்பினால் எல்லா மூட்டுகளையும் ஒட்டிவிடலாம். சாதாரணத் துணி டேப் ஒரு கோடைக்குள் உரிந்துவிடும். இவையெல்லாம் சரியாக இருந்தும் காயிலின் ஒரு பகுதியில் மட்டும் பனி படர்ந்தால் குளிர்வாயு குறைந்திருக்கக்கூடும்.

நான்காவது வகையான வியர்வைக்குத் தேடுதல் கொஞ்சம் வேண்டும். வெளிக்கூரைக்கும் உட்கூரைக்கும் இடைப்பட்ட வெளியில் சூடான ஈரக்காற்று புகுந்து, குளிர்காற்று செல்லும் தகரப் பெட்டியின் வெளிப்புறத்தில் படிந்தால், ஏசியில் எந்தப் பழுதும் இல்லாமலே உட்கூரை நனையும். கறை பரவலாகவும், ஏசி ஓடி நீண்ட நேரம் கழித்தும் தோன்றினால் இதைச் சந்தேகிக்கலாம். தகரப் பெட்டியின் வெளிப்புறத்தில் மூடிய துளைகள் கொண்ட ஃபோம் தாளை இடைவெளியின்றி ஒட்டி, பெட்டிக்கும் உட்கூரைக்கும் இடையிலுள்ள விரிசல்களை அடைத்தால் தீரும். ஏசி ஓடும்போது கூரையின் காற்றுப்போக்கியைத் திறந்து வைத்துக்கொண்டு சமைப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் வளைகுடாவின் ஈரக்காற்றை முழுவதுமாக உள்ளே வரவழைத்துக் காயிலுக்கு இரட்டை வேலை வைக்கிறார்கள்.

மழைநாளில் பின் மூலையில் தெரியும் கறைக்கும் பிரேக் அழுத்தும்போது கொட்டும் நீருக்கும் தொடர்பு இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. உயர்கூரை வேனில் ஃபைபர்கிளாஸ் உலோக உடலோடு சேரும் மூட்டு, ஜன்னலின் மேல்விளிம்பு, கூரையில் திருகப்பட்ட விளக்குகள், ஆண்டெனாவின் அடிப்பகுதி ஆகிய இடங்களில் குழாய்ச் சோதனையைத் தனியாகச் செய்யுங்கள். அங்கே சீலன்ட் பூசலாம். கூரைக்கென்று விற்கப்படும், தானாகப் பரவிச் சமமாகும் வகை சமதளத்துக்கும், வழியாத வகை செங்குத்துப் பரப்புக்கும் ஏற்றது. முன் பயணியின் காலடியில் கம்பளம் நனைந்தால் அது கூரை ஏசியின் வேலையே அல்ல. டேஷ்போர்டு ஏசியின் நீர்க்குழாய் எஞ்சின் தடுப்புச் சுவரருகே அடைபட்டிருக்கும். அந்த ஈரம் பிசுபிசுப்பாகவும் இனிப்பான வாசனையுடனும் இருந்தால் ஹீட்டரிலிருந்து கூலன்ட் கசிகிறது. அது வேறு பழுது, தள்ளிப்போடக் கூடாதது.

இத்தனையும் செய்த பிறகு ஏசியை வைத்துக்கொள்வதா மாற்றுவதா என்று கேட்டால், உள்ளே போகும் காற்றுக்கும் வெளிவரும் காற்றுக்கும் இடையில் 9 முதல் 12 பாகை வரை வித்தியாசம் காட்டும் ஏசியை நீர் ஒழுகுகிறது என்பதற்காக மட்டும் தூக்கிப் போட வேண்டாம். வித்தியாசம் அதற்கும் குறைவாக இருந்து, காயிலில் அரைகுறைப் பனியும் தெரிந்தால், மாற்றுவதே மலிவு. அந்தக் காலத்துக் கூரை ஏசிகள் வாயு நிரப்பும் வால்வுகூட இல்லாமல் முழுவதும் மூடப்பட்டவை. அவற்றிலிருந்த ஆர்-22 என்ற குளிர்வாயுவின் உற்பத்தியும் இறக்குமதியும் அமெரிக்காவில் 2020 ஜனவரி முதல் நிறுத்தப்பட்டுவிட்டன. உரிமம் பெற்றவரே அதைக் கையாளலாம். திறப்பின் அளவு இன்றும் அதே 14¼ அங்குலம் என்பதால் புதிய ஏசி அப்படியே பொருந்தும். வாங்கும்போது, காயில் நீரைக் குழாயில் சேர்த்து வெளியே கொண்டுபோகும் இணைப்பு அதற்குக் கிடைக்குமா என்று கேளுங்கள். அந்த இணைப்பைப் பொருத்த நினைத்தால், குழாய் வழியெங்கும் இறக்கமாகவே போக வேண்டும். நடுவில் ஓரிடத்தில் தொங்கினாலும் அங்கே பாசி பிடித்து அடைத்துக்கொள்ளும்.

எந்த வழியில் போனாலும், ஒழுக்கு நின்றதும் உட்கூரை மூடியை உடனே திருகிவிட வேண்டாம். பிளைவுட்டும் சட்டமும் பார்வைக்கு உலர்ந்தது போலத் தெரிந்தாலும் உள்ளே ஈரம் வாரக்கணக்கில் தங்கும். சிறிய விசிறி ஒன்றைத் திறப்பை நோக்கி ஓடவிட்டு, மரத்தின் ஈரமானி 15 சதவீதத்துக்குக் கீழே காட்டிய பிறகே மூடுங்கள். அதுவரை டிஷ்யூ கீற்றுகளையும் அப்படியே விட்டு வைத்தால், அடுத்த மழையிலும் அடுத்த பயணத்திலும் எந்த ஓரம் நனைகிறது என்பதை மூடியைக் கழற்றாமலே பார்த்துக்கொள்ளலாம்.